மிதக்கும் கூரையும் தப்பிக்கும் ஆவியும்: வாசகர் கேள்வி பதில்

பெட்ரோல், கச்சா எண்ணெய், கரைப்பான்கள் இவற்றைச் சேமிக்கும் பெரிய டேங்குகளில் திரவத்தின் மேலேயே மிதந்துகொண்டு, மட்டம் ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்கும் கூரைகள் உண்டு என்று போன இதழில் ஒரு பதிலில் சொல்லியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஆவி வெளியே போகக் கூடாது என்றால் மேலே கூரையை இறுக்கமாக மூடிவிட்டால் போதாதா? எதற்காக அதை மிதக்க விட வேண்டும்? (வேதிப்பொறியியல் மாணவி)

இறுக்கமாக மூடினால் டேங்க் கிழியும், இல்லையென்றால் நசுங்கும். பார்க்க மலை மாதிரி நின்றாலும் அந்த டேங்குகளின் தகடு, விட்டத்தோடு ஒப்பிட்டால் மிகவும் மெல்லியது. திரவத்தின் எடையைத் தாங்கத்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே வாயு அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் தாங்காது, பம்ப் செய்து வெளியே எடுக்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டானால் அதையும் தாங்காது. அதனால் நிலையான கூரை போட்ட டேங்க் எதுவாக இருந்தாலும் அதில் மூச்சு விட ஒரு வென்ட், அதாவது காற்றுத் திறப்பு, இருந்தே ஆக வேண்டும். நஷ்டம் முழுவதும் அந்த வென்ட் வழியாகத்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 20 மீட்டர் விட்டமுள்ள டேங்க், திரவத்துக்கும் கூரைக்கும் நடுவே 5 மீட்டர் காலியிடம் என்றால் அங்கே ஏறக்குறைய 1,570 கன மீட்டர் ஆவியும் காற்றும் கலந்து நிற்கிறது. வெயில் ஏறி அந்தக் கலவையின் வெப்பநிலை 15 டிகிரி கூடினால் அது 5 சதவீதம் விரியும், அதாவது 80 கன மீட்டர் அளவுக்கு வெளியே போகும், வெப்பம் கூடும்போது திரவத்தின் ஆவியழுத்தமும் கூடுவதால் உண்மையில் இதைவிட அதிகமாகவே போகும். இரவில் குளிர்ந்ததும் புதுக் காற்றை உள்ளே இழுக்கும், அந்தக் காற்று மெல்ல மெல்ல ஆவியால் நிறையும், மறுநாள் அதுவும் வெளியே. டேங்கை யாருமே தொடாமல் நடக்கிற இழப்பு இது.

டேங்கை நிரப்பும்போது போவது இன்னும் பெரிது. 1,000 கன மீட்டர் பெட்ரோலை உள்ளே ஏற்றினால் 1,000 கன மீட்டர் கலவை வெளியே தள்ளப்படும். ஆவியழுத்தம் 40 கிலோபாஸ்கல், ஆவியின் சராசரி மூலக்கூறு எடை 65, உள்ளே இருந்த காற்று முழுக்க ஆவியால் நிறைந்திருந்தது என்று எடுத்துக்கொண்டால், அந்தக் கலவையில் கன மீட்டருக்கு ஒரு கிலோ வீதம் பெட்ரோல் இருக்கும். ஒருமுறை நிரப்பினாலே ஏறக்குறைய ஒரு டன் காற்றில் போய்விடுகிறது! போவது பணம் மட்டும் இல்லை. அதில் பென்சீன் இருக்கிறது, அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள், அதைச் சுவாசிப்பவர் அங்கே வேலை பார்க்கும் ஆள். மிச்சமுள்ள ஹைட்ரோகார்பன்கள் வெயிலில் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்குகின்றன.

கூரையைத் திரவத்தின் மேலேயே போட்டுவிட்டால் ஆவி நிற்க இடமே கிடையாது. இதுதான் மொத்த யோசனையும். 1920-களிலேயே அமெரிக்காவில் சிகாகோ பிரிட்ஜ் அண்ட் அயர்ன் நிறுவனம் இத்தகைய கூரைகளைக் கட்டத் தொடங்கிவிட்டது.

கேள்வி: எங்கள் டேங்கில் மிதக்கும் கூரை இருக்கிறது. ஆனாலும் படியேறி மேலே போனால் பெட்ரோல் வாடை நன்றாக அடிக்கிறது, அதுவும் காற்று வீசும் நாளில் அதிகம். கூரைத் தகடு ஓட்டையாகிவிட்டதா? (கிடங்குப் பணியாளர்)

தகடாக இருக்க வாய்ப்பு குறைவு. முதலில் விளிம்பைப் பாருங்கள், அப்புறம் தகட்டில் குழாயும் கம்பமும் நுழைகிற துளைகளைப் பாருங்கள். இந்த இதழில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மிதக்கும் கூரை டேங்கின் சுவரைத் தொட்டுக்கொண்டு நகர முடியாது, உரசி மாட்டிக்கொள்ளும். அதனால் சுற்றிலும் ஒரு சாண் அளவுக்கு இடைவெளி விடுகிறார்கள். அதை அடைப்பதுதான் ரிம் சீல். ஆக, மிதக்கும் கூரை போட்டதும் இழப்பு நடக்கும் இடம் திரவத்தின் முழுப் பரப்பிலிருந்து அந்த வளையத்துக்கு மாறிவிடுகிறது. டேங்கின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் பரப்பு நான்கு மடங்காகும், சுற்றளவு இரண்டு மடங்குதான் ஆகும். பெரிய டேங்குகளுக்கு இந்தக் கூரை இவ்வளவு பொருந்துவதற்கு இதுவே காரணம்.

சீல்களில் வகை உண்டு. டேங்க் சுவரோடு ஒட்டிச் சறுக்கும் இரும்புத் தகடும், அதற்கும் கூரைக்கும் நடுவே துணியும் உள்ளது ஷூ சீல். நுரை அடைத்த உருளை திரவத்தைத் தொட்டுக்கொண்டே உட்கார்ந்தால் அது திரவத்தைத் தொடும் சீல், அதே உருளை திரவத்துக்குக் கொஞ்சம் மேலே தொங்கினால் அடியில் ஆவிக்கு ஒரு வளையமான இடம் கிடைத்துவிடுகிறது. காற்று இல்லாத இடத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. காற்று வீசும்போதுதான் விஷயமே.

டேங்கின் மேல் காற்று கடந்து போகும்போது கூரைக்கு மேலே ஒரு பக்கம் அழுத்தம் குறைந்தும் எதிர்ப்பக்கம் கூடியும் இருக்கும். அழுத்தம் கூடிய பக்கத்தில் சீல் இடுக்கு வழியாகக் காற்று உள்ளே நுழைந்து, சீலுக்கு அடியிலுள்ள அந்த வளையத்தைச் சுற்றி ஓடி, எதிர்ப்பக்கம் ஆவியை அள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. உங்களுக்குக் காற்று நாளில் வாடை கூடுவது இதனால்தான்.

இதற்கு எண்களே இருக்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஏபி-42 கையேட்டில் வெல்டு செய்த டேங்குகளுக்குக் கொடுத்திருக்கும் விளிம்பு இழப்புக் குணகங்களை (எண் கூடினால் இழப்பும் கூடும்) எடுத்துக்கொண்டால், காற்றே இல்லாதபோது தனி ஷூ சீலுக்கு 5.8, ஆவிக்கு மேலே தொங்கும் சீலுக்கு 6.7, கிட்டத்தட்ட ஒன்றுதான். மணிக்கு 10 மைல் காற்று வீசினால் முதலாவது 44 ஆகிறது, இரண்டாவது 207 ஆகிறது! அதே ஷூ சீலுக்கு மேலே, கூரையின் விளிம்போடு பொருத்திய இரண்டாவது சீல் ஒன்றைச் சேர்த்தால் அதே காற்றில் 4.6 மட்டுமே. பத்தில் ஒரு பங்கு. இரண்டாவது சீல் எதற்கு, வீண் செலவு என்று யாராவது சொன்னால் இந்த மூன்று எண்களை அவர் முன்னால் வையுங்கள்.

சரி, சீல் நன்றாக இருக்கிறது, இரட்டையாகவும் இருக்கிறது, அப்படியும் வாடை வருகிறது என்றால் ‘கைடு போல்’ எனப்படும் வழிகாட்டிக் கம்பத்தின் பக்கம் போங்கள். கூரை சுழலாமல் இருக்கவும், அளவு எடுக்கவும், மாதிரி எடுக்கவும் அந்தக் கம்பம் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலிருந்து கீழே வரை நிற்கிறது. கம்பத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே சரக்கு இருக்க வேண்டும் என்பதற்காக அதன் நீளம் முழுவதும் துளைகள் வெட்டியிருப்பார்கள். கூரைக்கு மேலே இருக்கும் துளைகள் வழியாகக் காற்று உள்ளே புகும், கீழே திறந்த பெட்ரோல் இருக்கும். அதே கையேட்டின்படி கணக்கிட்டால், 30 மீட்டர் விட்டமுள்ள டேங்கில் கட்டுப்பாடு எதுவும் இல்லாத ஒரே ஒரு துளைக் கம்பம், மணிக்கு 10 மைல் காற்றில், இரட்டைச் சீல் போட்ட முழு விளிம்பும் இழப்பதைப் போல ஏறக்குறைய 9 மடங்கு இழக்கிறது. ஒரு கம்பம்! லட்சக்கணக்கில் செலவு செய்து சீல் மாற்றுகிறவர்கள் இதை அப்படியே விட்டுவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. கம்பத்தைச் சுற்றி ஒரு உறை, துடைக்கும் ரப்பர் வளையம், உள்ளே திரவ மட்டத்தில் மிதக்கும் ஒரு மிதவை, இவ்வளவும் சேர்ந்தால் அந்த இழப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். கூரையின் வேலையை நிறுத்தாமலே பெரும்பாலும் மாட்டிவிடலாம்.

அதோடு அளவு எடுக்கும் மூடி, மாதிரி எடுக்கும் வாய், கூரையின் கால்கள் நுழையும் சட்டைக் குழாய்கள் எல்லாவற்றிலும் கேஸ்கெட் இருக்கிறதா, மூடி திரும்பப் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறதா என்று ஒரு சுற்று பாருங்கள். டிப் (மட்ட அளவு) எடுத்தவர் மூடியைத் திறந்தபடி விட்டுப் போவது நிறைய இடங்களில் நடக்கிறது.

கேள்வி: எங்களிடம் இருப்பது நிலையான கூரை டேங்க். அதற்குள்ளேயே ஒரு மிதக்கும் கூரையைப் போட முடியுமா? எவ்வளவு குறையும்?

முடியும். அதைத்தான் உள் மிதக்கும் கூரை என்கிறோம். உள்ளே போடும் கூரையையும் சீலையும், திரவத்தின் தன்மையையும் பொறுத்து இழப்பு 60 முதல் 99 சதவீதம் வரை குறையும் என்று ஏபி-42 சொல்கிறது. இவ்வளவு பெரிய இடைவெளி எதற்கு என்றால், உள்ளே போடுவதில் அவ்வளவு தரவேறுபாடு இருக்கிறது. அலுமினியக் குழாய் மிதவைகள் மேல் மெல்லிய தகடு பரப்பும் வகை மலிவானது, மேலே மேன்ஹோல் வழியாகவே பகுதி பகுதியாக உள்ளே கொண்டுபோய் மாட்டிவிடலாம், ஆனால் தகட்டுக்கும் திரவத்துக்கும் நடுவே கொஞ்சம் ஆவி நிற்கும், தகடுகள் சேரும் இடமெல்லாம் கசியும். திரவத்தை முழுக்கத் தொட்டுக்கொண்டிருக்கும் தேன்கூட்டுப் பலகை வகையில் அந்த இடம் இல்லை, விலை கூடுதல். எனக்குப் பிடித்தது இரண்டாவது, வருடம் முழுவதும் நிரப்பிக் காலி செய்துகொண்டே இருக்கும் பெட்ரோல் டேங்காக இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

மேலே கூரை இருப்பதால் காற்று அடிக்காது. போன பதிலில் சொன்ன எண்களில் காற்றால் கூடிய பங்கு முழுவதும் இங்கே இல்லாமல் போகிறது. மழைத்தண்ணீர் தேங்கும் கவலையும் கிடையாது. இந்த இரண்டு லாபத்துக்காகவே, ஏற்கனவே திறந்த மிதக்கும் கூரை இருக்கும் டேங்குகளுக்கு மேலே அலுமினியக் குவிமாடம் போடுகிறார்கள். ஒன்று மட்டும் கவனம்: உள்ளே கூரைக்கு மேலே கொஞ்சம் ஆவி சேரும், அது தீப்பிடிக்கும் அளவுக்கு ஏறாமல் இருக்கச் சுற்றிலும் காற்றுத் திறப்புகள் வேண்டும். பறவை வருகிறது, தூசி வருகிறது என்று அவற்றை அடைத்துவிடாதீர்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டி மிதக்க விட்டால் ஆவியாவது குறையும் என்கிறார்களே, அதை ஏன் எல்லா டேங்கிலும் செய்வதில்லை?

எந்தத் திரவம் என்பதைப் பொறுத்தது. ஒரே அளவுப் பந்துகளை ஒரு அடுக்காக எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் பரப்பில் 90.7 சதவீதத்துக்கு மேல் மறைக்க முடியாது, இது வடிவியல், யாராலும் மாற்ற முடியாது. நடுவே இடுக்குகள் இருந்தே தீரும். அறுகோண வடிவ மிதவைகள் ஒன்றோடொன்று பொருந்திக்கொள்வதால் இதைவிட நன்றாக மூடும். சூடான தண்ணீர், உலோகப் பூச்சுத் தொட்டி, அமிலத் தொட்டி, உப்புக் கரைசல் இங்கெல்லாம் இவை அருமையாக வேலை செய்கின்றன. சூடான திறந்த தொட்டியில் வெப்பத்தில் பெரும்பகுதி ஆவியாவதில்தான் போகிறது, ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,300 கிலோஜூல் வேண்டும், அதனால் மூடினால் எரிபொருளும் மிச்சமாகும். பொருளை உள்ளே இறக்கினால் பந்துகள் விலகி வழிவிட்டுத் திரும்ப மூடிக்கொள்வது இன்னொரு வசதி. 2015-இல் லாஸ் ஏஞ்சலஸ் குடிநீர்த் தேக்கம் ஒன்றில் 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பந்துகளைக் கொட்டினார்கள், ஆனால் அங்கே முதல் நோக்கம் வெயில் படாமல் தடுத்து புரோமேட் என்ற தீங்கான பொருள் உருவாவதை நிறுத்துவது, ஆவி குறைந்தது கூடவே கிடைத்த பலன்.

பெட்ரோல், டோலுயீன் போன்றவற்றில் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். சாதாரணப் பிளாஸ்டிக் மின்னூட்டத்தைக் கடத்தாது, உரசலில் நிலைமின்னேற்றம் சேர்ந்து அதை மண்ணுக்கு இறக்க வழியில்லாமல் நிற்கும், கூடவே இடுக்குகளில் தீப்பிடிக்கும் ஆவி. அப்புறம் சில பிளாஸ்டிக்குகள் ஹைட்ரோகார்பனில் ஊதிப் போகும். பம்பு உறிஞ்சும் வாயில் போய்ப் பந்து அடைக்கும் தொல்லை வேறு.

கேள்வி: டீசல் டேங்குக்கும் மிதக்கும் கூரை வேண்டுமா?

பொதுவாக வேண்டாம். டீசலின் ஆவியழுத்தம் சாதாரண வெப்பநிலையில் மிகக் குறைவு, நிலையான கூரையே போதும். அமெரிக்காவில் பெரிய டேங்குகளுக்கான ஒரு விதி, ஆவியழுத்தம் 5.2 கிலோபாஸ்கலிலிருந்து 76.6 கிலோபாஸ்கல் வரை உள்ள திரவங்களுக்கு மிதக்கும் கூரையை ஏற்றுக்கொள்கிறது, அதற்கு மேலே போனால் ஆவியைக் குழாய் வழியாகப் பிடித்து மீட்கவோ எரிக்கவோ சொல்கிறது. ஏனென்றால் அவ்வளவு ஆவியழுத்தத்தில் கூரைக்கு அடியிலேயே குமிழி வந்து கூரையைத் தூக்க ஆரம்பித்துவிடும்.

கேள்வி: டேங்கில் கடைசியாக ஒரு மீட்டர் சரக்கு மிச்சமிருக்கிறது, அதையும் எடுத்துவிடலாம் என்றால் மேற்பார்வையாளர் கூடாது என்கிறார். அடியில் கிடப்பதை எடுத்தால் என்ன? (பம்ப் ஆபரேட்டர்)

அவர் சொல்வது சரி, தயவுசெய்து கேளுங்கள். கூரைக்குக் கால்கள் உண்டு. மட்டம் அந்தக் கால்களின் உயரத்துக்கு இறங்கியதும் கூரை தரையில் ஊன்றி நின்றுவிடும், திரவம் மட்டும் தொடர்ந்து இறங்கும். கூரைக்கு அடியில் வெற்றிடம் உண்டாகித் தகடு வளையாமல் இருக்க வெற்றிட வால்வு தானாகவே திறந்து காற்றை உள்ளே விடும். அந்த நொடியிலிருந்து உங்களிடம் இருப்பது மிதக்கும் கூரை இல்லை, திறந்த வென்ட் உள்ள ஒரு நிலையான கூரை, அதற்கு அடியில் பெட்ரோல் ஆவியும் காற்றும். திரும்ப நிரப்பும்போது கூரை மறுபடி மிதக்கும் வரை அந்தக் கலவை முழுவதும் வெளியே தள்ளப்படும். மாதக்கணக்கில் நல்ல சீல் காப்பாற்றியதில் ஒரு நல்ல பங்கை, கூரை கால்களில் ஊன்றும் அந்த ஒரு லேண்டிங் தின்றுவிடும்.

இழப்பை விட எனக்குப் பெரிய கவலை தீ. கூரைக்கு அடியில் அந்தக் கலவை எரியும் வரம்புக்குள் இருக்கக்கூடும், அப்போது வேகமாக நிரப்பினால் பாய்ந்து தெறிக்கும் திரவம் நிலைமின்னேற்றத்தைக் கொண்டுவரும். அதனால்தான் கூரை மிதக்கும் வரை உள்வரும் வேகம் நொடிக்கு 1 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது நடைமுறை. பராமரிப்புக்காக இறக்கியே ஆக வேண்டும் என்றால் ஒரே மூச்சில் இறக்கி, ஒரே மூச்சில் ஏற்றுங்கள், கால்களில் ஊன்றியபடி நாள்கணக்கில் விட்டு வைக்காதீர்கள்.

கேள்வி: மழை பெய்தால் கூரை மூழ்கிவிடுமா?

மூழ்கியிருக்கின்றன. 2017-இல் ஹார்வி புயல் டெக்சாஸில் கொட்டிய மழையில் பல டேங்குகளின் கூரைகள் சாய்ந்தும் மூழ்கியும் போய், சரக்கு வெட்டவெளியில் ஆவியானது. 2001-இல் லூசியானாவின் நோர்கோவில் கனமழைக்குப் பிறகு 82 மீட்டர் விட்டமுள்ள பெட்ரோல் டேங்க் ஒன்றில் மின்னல் விழுந்து முழுப் பரப்பும் எரிந்தது.

டேங்க் கட்டுவதற்கான அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் ஏபிஐ 650 தரநிலையின்படி ஒற்றைத் தகடு கொண்ட கூரை, வடிகால் வேலை செய்யாத நிலையிலும், 24 மணி நேரத்தில் பெய்யும் 250 மில்லிமீட்டர் மழையைத் தாங்கி மிதக்க வேண்டும். நடுத் தகடும், கூரையை மிதக்க வைக்கும் மூடிய மிதவை அறைகளில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டும் ஓட்டையானாலும் மிதக்க வேண்டும். புதிதாகக் கட்டும்போது இது எல்லாம் சரியாக இருக்கும். பிரச்சினை பிறகுதான். கூரை நடுவிலிருந்து மழைத்தண்ணீரைக் கீழே கொண்டுபோகும் குழாய் சரக்குக்குள்ளேயே மடங்கி மடங்கி இறங்குகிறது, அதில் ஒரு இணைப்பு விரிசல் விட்டால் மழைத்தண்ணீர் வாய் வழியாக பெட்ரோல் வெளியே ஓடும். அதற்குப் பயந்து கீழே உள்ள வால்வை மூடியே வைக்கிறார்கள். இரவில் பெருமழை வருகிறது, திறக்க ஆள் இல்லை. இரண்டு பயமும் நியாயமானவை. என் கருத்து, குழாயை முறையாக அழுத்தச் சோதனை செய்து நம்பும் நிலையில் வைத்துக்கொண்டு மழைக்காலத்தில் திறந்து வைப்பதே மேல், மூடித்தான் வைப்போம் என்றால் யார், எந்த மழைக்கு, எத்தனை மணிக்குத் திறப்பது என்று எழுதி ஒட்டியிருக்க வேண்டும். கூடவே ஒவ்வொரு மிதவை அறையின் மூடியையும் திறந்து உள்ளே சரக்கு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு அறை நிறைந்தால் கூரை சாயும், சாய்ந்தால் தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கும், ஒதுங்கினால் இன்னும் சாயும்.

கேள்வி: சீல் இடைவெளியை நாங்களே அளக்க முடியுமா? எவ்வளவு இருந்தால் மோசம்? (பராமரிப்புப் பிரிவு)

முடியும், கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். கூரை கால்களில் நிற்காமல் மிதந்துகொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். 3.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு கம்பியைச் சீலுக்கும் சுவருக்கும் நடுவே விட்டுப் பாருங்கள், சிக்காமல் போனால் அது இடைவெளி. சுற்றி வந்து ஒவ்வொரு இடைவெளியின் நீளத்தையும் அகலத்தையும் குறித்துப் பரப்பைக் கூட்டுங்கள்.

மேலே சொன்ன அதே அமெரிக்க விதியில் ஷூ சீலுக்கும் திரவத்தைத் தொடும் சீலுக்கும் உள்ள வரம்பு, டேங்கின் விட்டத்தில் மீட்டருக்கு 212 சதுர சென்டிமீட்டர், எந்த இடத்திலும் அகலம் 3.81 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டாவது சீலுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 21.2 சதுர சென்டிமீட்டர், அகலம் 1.27 சென்டிமீட்டர். 30 மீட்டர் டேங்குக்கு மொத்தமாக முதல் சீலில் 6,360, இரண்டாவதில் 636 சதுர சென்டிமீட்டர் வருகிறது. முதல் சீலை 5 ஆண்டுக்கு ஒருமுறையும் இரண்டாவதை ஆண்டுக்கு ஒருமுறையும் அளக்கச் சொல்கிறார்கள். உங்களுக்குப் பொருந்தும் விதி வேறாக இருக்கலாம், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் விதியே இல்லாவிட்டாலும் இந்த வரம்புகள் நல்ல அளவுகோல்.

விதி கேட்காவிட்டாலும் ஒன்று செய்யுங்கள்: ஒரே மட்டத்தில் அளந்துவிட்டு முடிந்தது என்று இறங்கி வராமல், கூரை கீழே, நடுவில், மேலே இருக்கும்போது தனித்தனியாக அளவு எடுங்கள். எந்த டேங்கும் மேலிருந்து கீழ் வரை சரியான வட்டமாக இருக்காது. கட்டும்போதே, 12 முதல் 45 மீட்டர் வரை விட்டமுள்ள டேங்கின் அடிப்பகுதியில் ஆரம் 19 மில்லிமீட்டர் வரை கூடவோ குறையவோ ஏபிஐ 650 இடம் கொடுக்கிறது, உயரம் ஏற ஏற அதைவிட அதிகம், பிறகு அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கினால் இன்னும் கோணும். பாதி டேங்கில் நன்றாக ஒட்டியிருந்த சீல், முக்கால் டேங்கில் ஒரு பக்கம் விரல் நுழையும் அளவுக்கு விலகி நிற்கும். அளக்கும்போதே சுவரில் கெட்டியான துரு இருக்கிறதா என்றும் பார்த்து எழுதிவையுங்கள், ஏனென்றால் லேசான துரு உள்ள சுவரை விடக் கெட்டியான துரு 5 மடங்கு சரக்கைத் தன்மேல் பிடித்துவைத்துக்கொள்கிறது, கூரை இறங்கும்போது அந்தச் சரக்கு அவ்வளவும் வெளிக்காற்றில் காய்ந்து ஆவியாகிறது.